டெஸ்ட் ரூட்

மாஸ்டர் என்றால் அந்த வட்டாரத்தில் ஒருவர்தான். கார் ஓட்டக் கற்றுக்கொடுத்த மாஸ்டர். அவரிடம் திட்டு வாங்காமல் ஸ்டியரிங் பிடித்தவர்கள் அங்கே ரொம்பக் குறைவு. டாக்டர், வாத்தியார், ரொட்டிக்கடைக்காரர், கல்யாணமாகி நாலு நாள் கூட ஆகாத பெண்கள் என்று எல்லாரும் அவருடைய வெள்ளைக் காரில் உட்கார்ந்து வேர்த்து வழிந்தவர்கள்தான். அந்தக் காரில் மாஸ்டர் உட்காரும் பக்கமும் ஒரு பிரேக் இருக்கும். கற்றுக்கொள்கிறவன் தப்புப் பண்ணினால் இவர் கால் அதை மிதித்துவிடும். கால் மிதிப்பதற்குள் வாய் முந்திக்கொள்ளும்.

அவரிடம் படித்தவர்கள் எல்லாரும் முதல் தடவையிலேயே லைசென்ஸ் வாங்கினார்கள். அதற்கு ஒரு சூட்சுமம் இருந்தது. லைசென்ஸ் கொடுக்கிற இன்ஸ்பெக்டர் எந்தத் தெருவில் போகச் சொல்வார், எந்த மேட்டில் நிறுத்தி எடுக்கச் சொல்வார், எந்தச் சுவர் ஓரம் பின்னால் வந்து நிறுத்தச் சொல்வார் என்று மாஸ்டருக்குத் தண்ணிபட்ட பாடு. அந்த ரூட்டை மட்டும்தான் கற்றுக்கொடுப்பார். காலை, சாயங்காலம், மழை, வெயில், எப்போதும் அதே ரூட்.

"ஓட்டறத அப்புறம் ஓட்டி ஓட்டிக் கத்துக்கலாம். மொதல்ல பாஸ் பண்ணு" என்பார்.

பாஸ் பண்ணினார்கள். ரொட்டிக்கடைக்காரர் மட்டும் லைசென்ஸ் வாங்கி வருஷக்கணக்காகியும் எங்கே போவதானாலும் அந்த ரூட்டைச் சுற்றிக்கொண்டுதான் போனார். எதிர்த்திசையில் இருக்கிற மாமியார் வீட்டுக்குக்கூட.

மாஸ்டருக்கு இரண்டு பிள்ளைகள். மூத்தவன் வெளிநாட்டில் குடும்பத்தோடு இருக்கிறான். இளையவள் பாப்பா. ஐம்பதைத் தாண்டிய பிறகும் பாப்பாதான், அப்பா வைத்த பெயர் அப்படி ஒட்டிக்கொண்டது. கல்யாணம் ஆகி, அது சரிப்படாமல், ஒரு பெட்டியோடு திரும்பி வந்தவள். அம்மா இருந்த வரைக்கும் அம்மாவைப் பார்த்துக்கொண்டாள். அம்மா போன பிறகு அப்பாவை. நடுவில் ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை. வருகிறவர்களை உட்கார வைத்து, "இது தெளிவா இருக்கா, இல்ல இது தெளிவா இருக்கா" என்று கேட்கிற வேலை. நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது, மாஸ்டர் அந்தக் காரியத்தைப் பண்ணுகிற வரைக்கும்.

ஒருநாள் சிக்னலில் நின்றிருந்த யாரோ ஒருவருடைய காரின் கதவைத் திறந்து ஏறி உட்கார்ந்துவிட்டார். "கண்ணாடியப் பாத்தியா? பெல்ட்டு எங்க? எத்தன தடவ சொல்றது?" என்று ஒரே அதட்டல். வண்டிக்குள் இருந்த மனுஷன் நல்லவன். பயந்தாலும், பொறுமையாகப் பேச்சுக்கொடுத்து விலாசம் வாங்கிக்கொண்டு வீட்டில் கொண்டுவந்து விட்டான். போகும்போது, "வழி பூரா என்னைத் திட்டிட்டே வந்தார்மா" என்று சிரித்துக்கொண்டு சொன்னான். பாப்பாவும் சிரித்தாள். அவன் தலை மறைந்ததும் கதவைச் சாத்திக்கொண்டு அழுதாள். மறுநாள் கண்ணாடிக் கடைக்குப் போய், இனி வர முடியாது என்று சொல்லிவிட்டு வந்தாள்.

அண்ணன் வாரம் தவறாமல் போன் பண்ணுவான். கெட்டவன் இல்லை. தூரத்தில் இருப்பவன், அவ்வளவுதான். தூரத்தில் இருந்து பார்த்தால் எல்லாமே கணக்காகத்தான் தெரியும்.

"பாப்பா, எத்தன நாள் நீயே தூக்கிச் சுமப்ப? ஒரு நல்ல ஹோமாப் பாத்து அப்பாவ விடலாம். நர்ஸெல்லாம் கூடவே இருப்பாங்க. வீட்ட வித்தா அவர் செலவுக்கு ஆகும்."

"நான் எங்கண்ணா போறது?"

"நீயா? உனக்கும் ஏதாவது பாக்கலாம்."

அந்த 'ஏதாவது' அவள் நெஞ்சில் கல்லாக உட்கார்ந்துகொண்டது.

வீடு பாப்பாவுக்கு என்று மாஸ்டர் சொல்லாத ஆள் கிடையாது. நல்லபடியாக இருந்த காலத்தில் முடி வெட்டுகிறவரிடம் சொல்வார், பக்கத்துக் கடையில் சொல்வார், வண்டியில் கியர் மாற்றத் தடுமாறுகிறவனிடம்கூட நடுவில் சொல்வார். எழுதிவைக்க மட்டும் பிடி கொடுக்கவில்லை. பாப்பா ஒரே ஒரு தடவை பேச்செடுத்தாள். "என்ன, இப்பவே எனக்கு பிரேக் போடப் பாக்கறியா?" என்று அவர் தமாஷாகத்தான் கேட்டார். ஆனால் பெற்ற அப்பனிடம் போய் வீட்டைக் கேட்டோமே என்று அவளுக்கு உடம்பெல்லாம் கூசிவிட்டது. அதோடு வாயை மூடிக்கொண்டாள். கேட்கக் கூசிய வாய் கூசியபடியே இருக்க, வருஷங்கள் ஓடிவிட்டன.

கடைசியில் ஒரு வக்கீலம்மாவைப் போய்ப் பார்த்தாள். சின்ன வயசுப் பெண். மேஜை நிறையக் கட்டுக் கட்டாகக் காகிதம், ஓரத்தில் ஒரு வாடின செடி.

"வாயால சொன்னதெல்லாம் நிக்காதும்மா. உயில் எழுதலாம். அப்புறம், அவருக்கு சுத்தமா முடியாமப் போனா எங்க வெச்சுப் பாக்கறது, யார் முடிவெடுக்கறதுன்னும் ஒரு பத்திரம் எழுதணும். ரெண்டையும் சேத்தே முடிச்சிடலாம். ஆனா..." என்று நிறுத்தினாள் வக்கீலம்மா. "இப்ப அவர் இருக்கற நிலைமைக்கு, புரிஞ்சுதான் எழுதறார்னு ஒரு டாக்டர் பாத்து எழுதிக் குடுக்கணும். என்ன சொத்து இருக்கு, பிள்ளைங்க யாரு, யாருக்குக் குடுக்கறார், ஏன் குடுக்கறார்... இதெல்லாம் அவர் வாயாலயே வரணும். நீங்க அந்த ரூம்ல இருக்கக் கூடாது. முன்னாடியே சொல்லிக் குடுத்தும் வெக்காதீங்க."

"சரிங்க" என்றாள் பாப்பா.

எந்த டாக்டர் என்று அவள் யோசிக்க வேண்டியிருக்கவில்லை. மூளை நரம்பு பார்க்கிற டாக்டர் ஒருத்தர், மாஸ்டரிடம் வண்டி கற்றுக்கொண்டவர். "மாஸ்டருக்காகவா? நானே வீட்டுக்கு வரேன்" என்று போனிலேயே சொல்லிவிட்டார். பாப்பாவுக்குப் பாதி பாரம் இறங்கியது போல இருந்தது. தெரிந்த மனுஷன், கொஞ்சம் விட்டுக்கொடுப்பான் என்று நினைத்தாள்.

மாஸ்டருக்குக் காலை வேளைகள் நன்றாக இருக்கும். வெயில் ஏற ஏற ஞாபகம் மங்கிக்கொண்டு வரும். ஒரு நல்ல காலையில், ரொட்டியைப் பிய்த்து டீயில் தோய்த்துக்கொண்டிருந்தவரிடம் பாப்பா எல்லாவற்றையும் சொன்னாள். வீடு, அண்ணன், ஹோம், வக்கீல், டாக்டர், ஒன்று விடாமல். அவர் மெல்வதை நிறுத்திவிட்டுக் கேட்டார்.

"அப்போ இது ஒரு டெஸ்ட்டு" என்றார்.

"ஆமாப்பா."

"டெஸ்ட்டுன்னா எங்கிட்ட விட்டுடு பாப்பா. எத்தன பேர பாஸ் பண்ண வெச்சிருக்கேன்! நான் பண்ண மாட்டேனா? அவன் என்னென்ன கேப்பான், சொல்லு. ரூட்டு தெரிஞ்சுட்டாப் போதும்."

சொல்லிக் கொடுக்காதே என்று வக்கீலம்மா சொன்னது அவளுக்கு ஞாபகம் இருந்தது. ஆனால் கேட்பது யார்? மாஸ்டர். அதுவும் பழைய மாஸ்டர், பழைய குரலில். அந்தக் குரலைக் கேட்டு எவ்வளவு நாளாகிவிட்டது! மறுக்க அவளுக்கு மனசு வரவில்லை.

அன்றைக்கே ஆரம்பித்துவிட்டார்கள். ஹாலில் இரண்டு நாற்காலிகளைக் கார் சீட்டு மாதிரி பக்கத்தில் பக்கத்தில் போடச் சொன்னார். ஒன்றில் அவர், இன்னொன்றில் அவள். இரண்டு பேரும் எதிர்ச்சுவரைப் பார்த்து உட்கார்ந்தார்கள்.

"உங்களுக்கு எத்தன பிள்ளைங்க?"

"ரெண்டு பேரு. பையன் வெளிநாட்டுல."

"பொண்ணு?"

"இதோ, நீதானே உக்காந்திருக்க பாப்பா!"

பாப்பாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கூடவே, அவள் முதன்முதலில் அந்த வெள்ளைக் காரில் ஸ்டியரிங் பிடித்த நாளும் ஞாபகம் வந்தது. பள்ளிக்கூடம் முடித்த வருஷம். பயத்தில் "அப்பா, அப்பா" என்று கத்தியவளை அவர் அதட்டினார்: "வண்டிக்குள்ள நான் அப்பா இல்ல, இன்ஸ்பெக்டர். இன்னொரு தடவ அப்பான்னு கூப்பிட்டா ஃபெயில்!" அவளும் அழுதுகொண்டே "சரிங்க சார், சரிங்க சார்" என்று ஓட்டி, கடைசியில் பாஸ் பண்ணினாள்.

இப்போது அதே அதட்டலை அவரிடமே திருப்பிப் போட்டாள்.

"நான் பாப்பா இல்ல. நான் டாக்டர். 'என் பொண்ணு என்கூட இருக்கா'ன்னு சொல்லணும். பாப்பான்னு கூப்பிட்டா ஃபெயில்!"

மாஸ்டர் நாக்கைக் கடித்துக்கொண்டார். "ஐயையோ, மன்னிச்சுக்கங்க டாக்டர்!"

இரண்டு பேரும் வயிறு குலுங்கச் சிரித்தார்கள். அந்த வீட்டில் அப்படிச் சிரிப்புச் சத்தம் கேட்டு எத்தனையோ காலம் ஆகியிருந்தது.

அதற்கப்புறம் தினமும் காலையில் டெஸ்ட்தான். வீடு யாருடையது? என்னுடையது, நான் கட்டினது. யாருக்குக் கொடுக்கப் போகிறீர்கள்? பொண்ணுக்கு. பையனுக்கு இல்லையா? அவன் நல்லா இருக்கான், அவனுக்கு வேண்டாம். பொண்ணுக்கு ஏன்? அவதான் என்னைப் பாத்துக்கறா. இதில் ஒரு சொல்கூடப் பொய் கிடையாது. எல்லாம் அவரே ஊரெல்லாம் சொல்லித் திரிந்ததுதான். அந்த ஒரு நினைப்பில்தான் பாப்பா தன் மனசாட்சியைத் தட்டித் தூங்கவைத்தாள்.

முதலில் அடிக்கடி தடுமாறினார். "உனக்குத்தான் பாப்பா" என்று வாய் தவறிவிடும். அவள் உடனே "ஃபெயில்!" என்பாள். நாளாக நாளாகத் தவறவே இல்லை. எழுந்ததும் தலையை வாரிக்கொண்டு, நாற்காலியில் போய் உட்கார்ந்து காத்திருக்க ஆரம்பித்தார். கேள்வி முடிவதற்குள் பதில் வந்து விழும். காலை என்ன, நடுப்பகலில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வார்.

ஒருநாள் சூப்பை ஊட்டி வாயைத் துடைத்துவிட்டபோது, "ரொம்ப நன்றி டாக்டர்" என்றார். பாப்பா சிரித்தாள். மனுஷனுக்குக் குறும்பு போகவில்லையே என்று நினைத்துக்கொண்டாள். இன்னொரு நாள் குளிப்பாட்ட வந்தபோது சட்டையை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். "பாப்பா வரட்டும்" என்றார். வெட்கப்படுகிறார் என்று விட்டுவிட்டாள். பதில்கள் அத்தனை சுத்தமாக வந்துகொண்டிருந்ததில் வேறெதுவும் அவள் கண்ணில் படவில்லை. தெளிவாகத் தெரிகிறதா என்று ஊரையெல்லாம் கேட்டவள், தனக்கு எதிரே மங்கிக்கொண்டிருந்ததைப் பார்க்கவில்லை.

டெஸ்ட் நாள் வந்தது. மாஸ்டருக்கு வெள்ளைச் சட்டை போட்டு, காலர் பொத்தான் வரைக்கும் போட்டுவிட்டாள். வக்கீலம்மா தன் குமாஸ்தாவோடு வந்தாள். பின்னாலேயே டாக்டரும் வந்து, உள்ளே நுழையும்போதே "மாஸ்டர்!" என்று கையைப் பிடித்துக்கொண்டார். பாப்பாவைச் சமையலறையில் இருக்கச் சொன்னார்கள். கதவைச் சாத்தினாள், முழுக்கச் சாத்தவில்லை. அடுப்பில் கெட்டில் கொதித்தது. சத்தம் இடைஞ்சலாக இருக்கிறதென்று அதை அணைத்தாள்.

"உங்க வீடு யாரோடது மாஸ்டர்?"

"என்னோடது. நான் கட்டினது."

"பிள்ளைங்க?"

"ரெண்டு பேரு. பையன் வெளிநாட்டுல. பொண்ணு என்கூட இருக்கா."

ஒன்றுகூடத் தப்பவில்லை. மேட்டில் நிறுத்தி எடுத்தார், வளைவில் திரும்பினார், சுவரோரம் பின்னால் வந்து கச்சிதமாக நிறுத்தினார். பாப்பா கதவோரம் நின்று, அவர் சொல்லச் சொல்லக் கூடவே உதட்டை அசைத்துக்கொண்டிருந்தாள். வக்கீலம்மா பேனாவின் மூடியைக் கழற்றுகிற சத்தம்கூடக் கேட்டது.

அப்போது டாக்டர் மெல்லச் சிரித்தார்.

"மாஸ்டர், ரூட்டுல பிரமாதமா ஓட்டிட்டீங்க. என்னையும் இப்படித்தானே பாஸ் பண்ண வெச்சீங்க? லைசென்ஸ் வாங்கின மறுநாள் மார்க்கெட் ரோட்டுல நடு முக்குல வண்டிய நிறுத்திட்டு அழுதேன், தெரியுமா?"

"அப்படியா?" என்றார் மாஸ்டர் மரியாதையாக.

"இப்ப வேற ரோட்டுல கொஞ்சம் போலாமா? இன்னிக்குக் காலைல உங்களுக்கு யார் டீ போட்டுக் குடுத்தாங்க?"

 மாஸ்டரின் செருப்பு தரையில் தேய்கிற சத்தம் மட்டும் வந்தது. அந்தச் சத்தத்தைப் பாப்பாவுக்குத் தெரியும். அவர் கால் பிரேக்கைத் தேடுகிறது.

"உங்க பொண்ணு எங்க மாஸ்டர்?"

"பொண்ணு... வேலைக்குப் போயிருக்கா. கண்ணாடிக் கடைல. சாயங்காலந்தான் வருவா. ரொம்ப நாளா... அவ வர்றதே இல்ல."

பாப்பா கதவைப் பிடித்துக்கொண்டாள். "அம்மா, கொஞ்சம் இப்படி வாங்க" என்று டாக்டர் கூப்பிட்டார். போய் நின்றாள்.

"இவங்க யாரு மாஸ்டர்?"

மாஸ்டர் நிமிர்ந்து பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார். கண்ணில் ஏதோ மெல்ல ஏறி வந்தது. உதடு இரண்டும் ஒட்டிக் குவிந்து, அந்தப் பெயர் வெளியே வரப்போகிற இடத்தில் நின்றது.  சட்டென்று அவர் உதட்டை மடித்துக்கொண்டார். முகத்தில் ஒரு கள்ளச் சிரிப்பு.

"டாக்டர்" என்றார்.

"டாக்டர் நான்தானே?"

"நீங்க பெரிய டாக்டர். இவங்க தெனமும் வர்ற டாக்டர்." பக்கத்தில் சாய்ந்து ரகசியம் போலச் சொன்னார். "பாப்பான்னு என் வாயால சொல்ல வெக்கப் பாக்கறீங்க. சொல்ல மாட்டேன். சொன்னா ஃபெயில்."

குமாஸ்தா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். வக்கீலம்மா பேனாவை மூடினாள்.

வாசலில் டாக்டர் செருப்பு மாட்டாமல் ரொம்ப நேரம் நின்றார்.

"அவர் சொன்னது எல்லாமே நிஜம் டாக்டர். நான் சொல்லிக் குடுத்ததுல ஒண்ணுகூடப் பொய் இல்ல" என்றாள் பாப்பா.

"தெரியும்மா."

"வீடு எனக்குத்தான்னு உங்ககிட்டயே சொல்லியிருப்பார்."

"சொல்லியிருக்கார். ரிவர்ஸ் எடுக்கும்போது சொன்னார்." டாக்டர் குனிந்து செருப்பை மாட்டிக்கொண்டார். "ஆனா இன்னிக்கு அவருக்குத் தெரியலையே. தெரியும்னு நான் எப்படிம்மா கையெழுத்துப் போடுவேன்?"

 வக்கீலம்மா பாப்பாவின் தோளைத் தொட்டாள், அப்புறம் என்ன செய்வதென்று தெரியாமல் கையை எடுத்துக்கொண்டாள். எழுதப்படாத பத்திரங்கள் வந்த பையிலேயே திரும்பிப் போயின.

அண்ணனுக்கு அவளே போன் பண்ணினாள். மறைத்து என்ன ஆகப்போகிறது? நடந்ததைச் சொன்னாள். எனக்குத் தெரியாமல் உயிலா என்று அவன் சண்டைக்கு வருவான் என்று நினைத்தாள். அவன் வரவில்லை.

"என்னைப் பத்தி ஏதாவது சொன்னாரா?" என்று கேட்டான்.

"பையன் வெளிநாட்டுலன்னு சொன்னார்."

"பேர் சொன்னாரா?"

பேர் ரூட்டில் இல்லை. அவள் அதைச் சொல்லிக் கொடுக்கவே இல்லை.

"சொன்னார்ணா" என்றாள்.

அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சுகிற சத்தம் கேட்டது. பிறகு அவன் குரல் பழையபடி கணக்குக்குத் திரும்பியது. "நான் வந்து எல்லா ஏற்பாடும் பண்றேன். ஒரு ஹோம் பாத்து வெச்சிருக்கேன், தோட்டமெல்லாம் இருக்கு. நீ கவலப்படாத. உனக்கும் ஏதாவது பாக்கலாம்."

போனை வைத்துவிட்டு ஹாலுக்கு வந்தாள். இரண்டு நாற்காலியும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தன. மாஸ்டர் வெள்ளைச் சட்டையோடு ஒன்றில் உட்கார்ந்திருந்தார். காலர் பொத்தான் கழுத்தை இறுக்கியிருந்தது. கழற்றிவிட்டாள்.

"டாக்டர், நான் பாஸா?"

"பாஸ்."

"எனக்குத் தெரியும். பாப்பா வந்ததும் சொல்லணும். வீடு அவளுக்குத்தான். சந்தோஷப்படுவா."

பாப்பா தன் நாற்காலியைத் திருப்பி, அவருக்கு நேராகப் போட்டு உட்கார்ந்தாள். அவர் இரண்டு கையையும் எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.

"அப்பா, டெஸ்ட் முடிஞ்சிடுச்சு. எல்லாரும் போயிட்டாங்க. இனிமே நீங்க சொல்லலாம். என்னைப் பாருங்க. நான்தாம்ப்பா பாப்பா."

மாஸ்டர் அவளைப் பார்த்தார். அப்புறம் தலையை ஆட்டி ஆட்டிச் சிரித்தார். மெச்சிக்கொள்கிற சிரிப்பு.

"பலே! டெஸ்ட் முடிஞ்சுதுன்னு சொல்லிட்டு, அசந்த நேரத்துல புடிக்கறது! நான் எத்தன இன்ஸ்பெக்டரப் பாத்திருக்கேன்."

"இல்லப்பா, நிஜமா..."

"விழ மாட்டேன் டாக்டர்."

கையை மெதுவாக விடுவித்துக்கொண்டு, முதுகை நிமிர்த்தி, மறுபடி எதிர்ச்சுவரைப் பார்த்து உட்கார்ந்தார். வலது கால் தரையில் லேசாக ஊன்றியிருந்தது, எதற்கும் தயாராக. வெளியே யாரோ வண்டியைக் கிளப்ப முடியாமல் திணறிக்கொண்டிருந்தார்கள். அதுகூட அவர் காதில் விழவில்லை.

"ம், கேளுங்க" என்றார்.

பாப்பா எழுந்து நாற்காலியைத் திருப்பி, பழைய இடத்தில், அவருக்குப் பக்கத்தில் போட்டாள். உட்கார்ந்தாள். அவளும் சுவரைப் பார்த்தாள்.

"உங்களுக்கு எத்தன பிள்ளைங்க?"

"ரெண்டு பேரு. பையன் வெளிநாட்டுல."

"பொண்ணு?"

"பொண்ணு என்கூடத்தான் இருக்கா" என்றார் மாஸ்டர், ஒரு நொடிகூடத் தடுமாறாமல்.